பட்டினப்பாக்கம் பலூன் கடையும் ஒரு புது ஸ்பிரிங்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க. பி.காம். படிக்கிற பையனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு: ஒரு சம்பந்தமும் இல்லை. அதனாலதான் இந்தக் கதையே நடந்தது.

எல்லாம் ஒரு யூட்யூப் வீடியோவில் ஆரம்பித்தது. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி. (பரீட்சைக்கு முதல் நாள்தான் உலகத்தில் இருக்கிற எல்லா வீடியோவும் சுவாரசியமாக இருக்கும், கவனிச்சிருக்கீங்களா?) அமெரிக்காவில் ஒருத்தர் கைக்குள் அடங்குகிற சின்னப் பிஸ்டல் ஒன்றைப் பிரித்து, கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெளியில் வாங்கிய விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுச் சோதனை செய்கிறார். பழைய ஸ்பிரிங்கில் 200 ரவுண்டு, புது ஸ்பிரிங்கில் 200 ரவுண்டு. எத்தனை தடவை சிக்கியது, கை எவ்வளவு ஆடியது, எல்லாவற்றுக்கும் கணக்கு.

அந்த ஸ்பிரிங்குக்கு என்ன வேலை? குண்டு வெளியே போகும்போது பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் உதைத்துக்கொண்டு வரும். அந்த உதையை வாங்கிக்கொள்வது, காலித் தோட்டா வெளியே விழுந்ததும் மேல்பாகத்தைத் திரும்ப முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது, இரண்டும் அதன் பொறுப்பு. சின்னப் பிஸ்டலில் இடம் குறைவு. கொஞ்ச தூரத்துக்குள் அதே உதையை நிறுத்த வேண்டும் என்பதால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், சீக்கிரமும் தளரும். அதற்காக ரொம்ப விறைப்பாகப் போட்டால் மேல்பாகம் முழுசாகப் பின்னால் வராது, காலித் தோட்டா வெளியே போகாமல் மாட்டிக்கொள்ளும். ரொம்பத் தளர்வாகப் போட்டால் உலோகத்தோடு உலோகம் மோதி அடி வாங்கும். 400 ரவுண்டு சுட்டுவிட்டு அந்த மனுஷன் சொன்ன தீர்ப்பு: "கம்பெனி ஸ்பிரிங்கே நல்லாத்தான் இருந்தது." இதை அப்போதே மனசில் வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கு அவசியமே வந்திருக்காது.

நம்ம ஊரில் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். 9 எம்.எம். மாதிரி போலீஸும் ராணுவமும் பயன்படுத்துகிற வகைகள் பொதுமக்களுக்குக் கிடைக்காது. லைசன்ஸில் கிடைக்கிற பிஸ்டல்கள் பெரும்பாலும் .32 தான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு எதற்கு அதெல்லாம்? வீடியோவை மூடிவிட்டுப் படித்தேன். (பாஸ். மார்க் கேக்காதீங்க.)

பரீட்சை முடிந்த சாயங்காலம் என் நண்பனோடு பட்டினப்பாக்கம் பீச்சுக்குப் போனேன். அவன் மெக்கானிக்கல் படிக்கிறான், இனிமேல் அவன் பெயர் மெக்கு. எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு அக்கா பலூன் கடை போட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியும்: ஒரு பலகை, வரிசை வரிசையாகக் கலர் பலூன், பதினைந்தடி தள்ளி ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு ஏர் கன். 50 ரூபாய்க்குப் பத்து குண்டு. நான் எட்டாவது படிக்கும்போதிருந்தே அந்தக் கடை அங்கே இருக்கிறது. துப்பாக்கியும் அதேதான்.

அன்று துப்பாக்கி ரொம்ப மோசம். குழலை மடக்கி, குண்டு போட்டு, நிமிர்த்தி, சுட்டால் "டப்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "புஸ்" என்று ஒரு சத்தம். பலூனுக்கு நடுவில் பட்டால் உடைகிறது. ஓரத்தில் பட்டால் குண்டு வழுக்கிக்கொண்டு போகிறது. பக்கத்தில் சுட்ட காலேஜ் பையன்கள் "அக்கா, பலூன் உடையக் கூடாதுன்னே இப்படி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு எங்களிடம், "பத்து வருசமா சுடுது தம்பி, அதுக்கும் வயசாவுது. காணும் பொங்கலுக்குள்ள எதுனா பண்ணணும்" என்றார்.

காணும் பொங்கல் அன்று நம்ம பீச் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு நாள் வியாபாரம்தான் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மெக்கு என்னைப் பார்த்தான். நான் மெக்குவைப் பார்த்தேன். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்த வார்த்தை: "ஸ்பிரிங்."

ஏர் கன்னில் ஸ்பிரிங்தான் எல்லாமே. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்கிறது. ட்ரிக்கரை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை அமுக்குகிறது, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பை ஒரே அடியாக அடிக்கிற மாதிரி. இதற்கு லைசன்ஸும் தேவையில்லை. குழல் 0.177 அங்குலத்துக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாமல் இருந்தால் போதும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் 650 ரூபாய்க்குப் புது ஸ்பிரிங் வாங்கினோம். "பவர் ஸ்பிரிங்" என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த வார்த்தைக்கே நாங்கள் விழுந்துவிட்டோம். அக்காவிடம் "ரெண்டு நாள் குடுங்கக்கா, புதுசாக்கித் தர்றோம்" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கிண்டி எஸ்டேட்டில் மெக்குவின் பெரியப்பா வைத்திருக்கும் லேத் பட்டறைக்குப் போனோம்.

பிரிக்கும்போதே முதல் பாடம். உள்ளே ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, அமுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது. மெக்கு ஸ்க்ரூவைக் கழற்றப் போனபோது பெரியப்பா ஓடி வந்து, "மூஞ்சிய எடுறா!" என்று கத்தி, பெரிய கிளாம்ப் ஒன்றில் மாட்டி, அவரே மெதுவாகத் தளர்த்தி எடுத்தார். இல்லாவிட்டால் பல் போயிருக்கும். பழைய ஸ்பிரிங் 21 செ.மீ., புதுசு 25. "பாத்தியா, நாலு சென்டிமீட்டர் செத்துப்போச்சு" என்றான் மெக்கு. பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நாங்கள் கேட்கிற நிலைமையில் இல்லை.

அமெரிக்க வீடியோ பார்த்த திமிரில் முறையாகவே சோதித்தோம். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேறு யாரும் இல்லை, சுவரோரம் மணல் மூட்டை, அதற்கு முன்னால் ஒரு தகரம், சரியாக 5 மீட்டர். வேகம் அளக்க மெஷின் கிடையாது. செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து, சுட்ட சத்தத்துக்கும் தகரத்தில் பட்ட சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். தகரத்தின் சத்தம் நம் காதுக்கு வரவும் நேரம் ஆகும் இல்லையா? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஆக 5 மீட்டருக்கு நொடியில் ஆயிரத்தில் 15 பங்கு. அதைக் கழித்துவிட வேண்டும். குண்டின் எடைக்கு 100 குண்டுகளை மந்தைவெளி நாட்டு மருந்துக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தோம். 50 கிராம். அப்படியென்றால் ஒன்று அரை கிராம். (கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கே...)

பத்துப் பத்து குண்டின் சராசரி இதுதான்:

பழைய ஸ்பிரிங்: ஆயிரத்தில் 77 பங்கு நேரம். நொடிக்கு 80 மீட்டர் வேகம். ஆற்றல் 1.6 ஜூல்.
புது ஸ்பிரிங்: ஆயிரத்தில் 46 பங்கு நேரம். நொடிக்கு 160 மீட்டர் வேகம். ஆற்றல் 6.4 ஜூல்.

வேகம்தான் இரண்டு மடங்கு, ஆற்றல் நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்த அரை எம்.வி. ஸ்கொயர் என் கண்முன்னால் நடந்தது அன்றுதான். சட்டம் சொல்கிற 20 ஜூலுக்கு எவ்வளவோ கீழே. நாங்கள் குதித்த குதியில் பெரியப்பா டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு விஷயங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டோம். ஒன்று, குறி. பழைய ஸ்பிரிங்கில் பத்து குண்டும் 4 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தன. புதுசில் வட்டம் 7 செ.மீ. ஆனது. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரட்டை உதை. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும், பிஸ்டன் காற்று மெத்தையில் இடித்து நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளும். இதெல்லாம் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடும். ஸ்பிரிங் விறைக்க விறைக்க இந்த ஆட்டமும் கூடும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம், குழந்தையை ஏந்துகிற மாதிரி தளர்வாகப் பிடிக்க வேண்டும். போட்டித் துப்பாக்கிகள் ஸ்பிரிங்கை விட்டு அழுத்தக் காற்றுக்கு மாறியதற்கு இந்த உதையும் ஒரு காரணம். ஆனால் பலூன் பெரிசுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, மடக்கும் கனம். குழல் நுனியை வீட்டு எடை மெஷினில் வைத்து அழுத்திப் பார்த்தோம். பழைய ஸ்பிரிங்குக்கு 7 கிலோ, புதுசுக்கு 14 கிலோ. "ஜிம்முக்குப் போற மாதிரி" என்று ஜோக் வேறு அடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா கடையில் அறிமுக விழா. நான் நோட்டோடு மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடையே அதிர்ந்தது. "டப்! டப்!" ஓரத்தில் பட்டால்கூட பலூன் காலி. கூட்டம் சேர்ந்தது. முன்பு பத்துக்கு ஐந்து பலூன் உடையும், இப்போது எட்டு. அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். அவருக்குச் சிரிக்க நேரமே இல்லை. சின்னப் பிள்ளைகளால் குழலை மடக்க முடியவில்லை, பெண்களில் பாதிப் பேரால் முடியவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் அக்காதான் மடக்கிக் கொடுத்தார். அறுபது பேர் சுட்டால் அறுநூறு குண்டு. அதில் பாதி அக்கா கையால் என்றால் 14 கிலோவை முந்நூறு தடவை. ஏழு மணிக்கே வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுநடுவே பலூன் ஊதிக் கட்டுவதற்கும் அவர்தான்.

நோட்டில் கணக்கைப் போட்டேன். போட்டதும் வயிற்றில் என்னவோ பண்ணியது. குண்டு 100-க்கு 80 ரூபாய், ஆக பத்து குண்டுக்கு 8 ரூபாய். பலூன் ஒன்று ஒரு ரூபாய். முன்பு ஒரு வாடிக்கையாளரிடம் அக்காவுக்கு நிற்பது 50 கழித்தல் 8 கழித்தல் 5, அதாவது 37 ரூபாய். இப்போது 50 கழித்தல் 8 கழித்தல் 8, 34 ரூபாய். அறுபது பேருக்கு 2220 ரூபாய் இருந்தது 2040 ஆகிவிட்டது. பழைய லாபத்தைப் பிடிக்கவே 66 பேர் வர வேண்டும். ஆனால் மடக்கிக் கொடுத்து, ஊதிக் கட்டி, ஒரு ஆளுக்கு ஆகிற நேரம் கூடிவிட்டதால் அன்று சுட்டது 52 பேர்தான். பிரேக் ஈவன் அனாலிசிஸ் என்று மூணு வருஷம் படித்து, அக்காவின் லாபத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன்!

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் எட்டரை மணிக்குத் தெரிந்தது.

கடையைக் கட்டும்போது பலகையைத் திருப்பினோம். பின்பக்கம் ஐந்து ஓட்டை. உப்புக் காற்றில் ஊறிப்போன மெல்லிய பிளைவுட், பழைய 1.6 ஜூலுக்கு அது போதும், குண்டு அதில் நசுங்கி நின்றுவிடும். 6.4 ஜூலுக்குப் போதவில்லை. துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில் பின்னால் மணலைப் பார்த்தேன். இருபதடி தள்ளி ஒரு பெட்ஷீட் விரித்த தடம். அரை மணி நேரத்துக்கு முன்வரை ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களோடு ஒரு கைக்குழந்தை. நானே பார்த்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த வரியை ஒருமுறை திரும்பப் படித்துக்கொள்கிறேன். கண்ணில் பட்டிருந்தால்? 20 ஜூலுக்குக் கீழே என்று நாங்கள் சட்டம் பேசியது எதற்கு உதவியிருக்கும்? லைசன்ஸ் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதே தவிர, அடிபடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

அக்கா ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "பலூன் ஒடைக்கத்தான் தம்பி இது. பலகையை ஒடைக்க இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அக்காவுக்கு வேண்டியது வழுக்காமல் பலூன் உடைகிற, சின்னப் பிள்ளையும் மடக்குகிற, பலகையைத் தாண்டாத ஒரு துப்பாக்கி. நாங்கள் கொடுத்தது எங்களுக்குப் பிடித்த துப்பாக்கி.

மூன்று நாள் கடை இல்லை. காணும் பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிண்டி. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பெரியப்பா பக்கத்தில் நின்றோம். அவர் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. பிஸ்டனை வெளியே எடுத்து, அதன் தலையில் இருந்த தோல் வாஷரைக் காட்டினார். கருவாடு மாதிரி காய்ந்து, ஓரம் வெடித்திருந்தது. "அன்னைக்கே சொல்ல வந்தேன். சைக்கிள் பம்புல காத்து அடிக்கலேன்னா முதல்ல எதைப் பாப்பே? கையில தெம்பு இல்லேன்னு பாப்பியா, வாஷர் போச்சான்னு பாப்பியா?"

அவ்வளவுதான் விஷயம். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தது வாஸ்தவம். ஆனால் காற்று முழுசாகக் குழலுக்குப் போகாமல் வாஷர் ஓரத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒழுகலை அடைக்காமல், அதை மீறித் தள்ள இரட்டைப் பலமுள்ள ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறோம். மந்தைவெளியில் செருப்புத் தைக்கிற தாத்தாவிடம் 20 ரூபாய்க்குத் தோல் துண்டு வாங்கி, வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய ஸ்பிரிங்கோடு மாட்டினோம். முதல் குண்டு "படார்" என்று வெடித்துக் குழலில் புகை வந்தது. பயந்துவிட்டோம். அமுங்குகிற காற்று சூடாகி, மிச்ச எண்ணெயைப் பற்ற வைக்கிறதாம், டீசல் என்ஜினில் நடக்கிற அதே வேலை. பத்துப் பதினைந்து குண்டு வீணாக்கிய பிறகு அது நின்றது. அப்புறம்தான் அளந்தோம்.

பழைய ஸ்பிரிங், புது வாஷர்: ஆயிரத்தில் 60 பங்கு நேரம். நொடிக்கு 110 மீட்டர். 3 ஜூல். மடக்க அதே 7 கிலோ. குறி அதே 4 செ.மீ. வட்டம்.

650 ரூபாய் செய்ய முடியாததை 20 ரூபாய் செய்தது. பலகையை மட்டும் விடவில்லை. முக்கால் அங்குலக் கனத்தில் புது பிளைவுட், அதற்குப் பின்னால் மணல் மூட்டை வரிசை, இரண்டு பக்கமும் யாரும் உட்காராதபடி கயிறு. பிளைவுட் காசு எங்களுடையது. மூன்று நாள் வியாபாரத்துக்கும் காசு கொடுக்கப் போனோம். அக்கா முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் பாதி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதுதான் எனக்கு நிம்மதி.

சின்னப் பாகம் என்று எதையும் அலட்சியமாக நினைக்கக் கூடாது என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமும் உண்டு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி, சரிசெய்வதிலேயே நேரம் போனது. 575 புள்ளியோடு 12-வது இடம், இறுதிச் சுற்று போச்சு. அதே மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அவருக்கு நடந்தது விபத்து. எங்களுக்கு நடந்தது திமிர். இரண்டும் ஒன்றில்லை, தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயங்கள். எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எதை மாற்றலாம் என்று யோசிக்கக் கூடாது. அளக்கிறது நல்லதுதான், ஆனால் எதை அளக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்: நாங்கள் வேகத்தை அளந்தோம், குண்டு எங்கே போய் நிற்கும் என்று அளக்கவில்லை. மூன்றாவது, பொருள் யாருடையதோ அவர்களைக் கேட்க வேண்டும். எம்.பி.ஏ.வில் இதற்குத் தனிப் பேப்பர் இருக்கிறதாம். எனக்குப் பட்டினப்பாக்கத்திலேயே முடிந்தது.

காணும் பொங்கல் அன்று கூட்டத்தில் நீந்தி அக்கா கடைக்குப் போனேன். ஒரு ஏழெட்டு வயசுப் பாப்பா தானே குழலை மடக்கி, தானே சுட்டு, பலூன் உடைந்ததும் அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா என்னைப் பார்த்து, "சுடுறியா தம்பி? ஓசிதான்" என்றார். சுட்டேன். பத்துக்கு மூணு.

துப்பாக்கி மேல் பழி போட முடியவில்லை :-)

பி.கு.: ஏர் கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாம் என்று படித்ததும் மொட்டை மாடியில் புறா சுடலாமா என்று யோசிக்கிற சிங்கங்களுக்கு: பறவைகளைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-லிருந்து கிராமத்து மக்கள் தாங்களாகவே ஏர் கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள், காட்டில் பறவைச் சத்தம் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்காக. சுடணும்னு கை அரித்தால் பட்டினப்பாக்கம் வாங்க. அக்கா கடையில் பத்து குண்டு 50 ரூபாய்தான்.

பி.பி.கு.: அந்த "பவர் ஸ்பிரிங்" இப்போது என் மேஜையில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க ரொம்ப உபயோகம். 650 ரூபாய்க்குக் கொஞ்சம் காஸ்ட்லி, அவ்வளவுதான்.